ஏட்டு இலாபம், ஏட்டு நட்டம்

முதலீடு குறித்த தமிழ் எழுத்துகளில் 'உணரப்படாத இலாபம்', 'உணரப்படாத நட்டம்' என்னும் தொடர்கள் அடிக்கடி தென்படுகின்றன. மூல ஆங்கில வினைக்கு 'உணர்தல்', 'காசாக்குதல்' என இரு பொருள்கள் உண்டு. மொழிபெயர்ப்பு பொருந்தாத பொருளைப் பற்றிக்கொண்டது. நட்டம் நன்றாகவே உணரப்படுகிறது. விற்கப்படாததால் ஏட்டில் நிற்கிறது, அவ்வளவே.

செய்தித்தாள் மொழி எதிர்த்திசையில் பிழைக்கிறது. 2023 ஜனவரி 24 அன்று ஹிண்டன்பர்க் அறிக்கை வெளியாகி அதானி குழுமப் பங்குகள் சரிந்தபோது, எல்.ஐ.சி. பல ஆயிரம் கோடியை 'இழந்தது' எனத் தலைப்புகள் எழுந்தன. அம்மாதம் 30ஆம் நாள் எல்.ஐ.சி. அளித்த விளக்கத்தின்படி, அப்பங்குகளை வாங்கிய விலை 30,127 கோடி ரூபாய். 27ஆம் நாளின் சந்தை மதிப்பு 56,142 கோடி. அதுவரை கரைந்தது ஏட்டு இலாபமே; இட்ட முதல் அப்படியே இருந்தது. பிப்ரவரி இறுதியில் மதிப்பு வாங்கிய விலைக்கும் கீழிறங்கியது. மார்ச்சில் மீண்டும் ஏறியது. 'இழந்தது' என்பதோ முடிந்துபோன செயலைச் சொல்லும் வினைமுற்று. அதைப் படிக்கும் பாலிசிதாரர் தம் சேமிப்பே போயிற்று என அஞ்சுவதில் வியப்பில்லை.

அதற்காக, விற்காத நட்டம் நட்டமே அன்று என ஆறுதல் கூறுவதும் ஏற்கத்தக்கதன்று. வட்டி விகிதம் உயர்ந்ததால் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வைத்திருந்த கடன்பத்திரங்கள் மதிப்பிழந்தன. முதிர்வுவரை வைத்திருப்பவை என வகைப்படுத்தப்பட்ட பத்திரங்களின் சரிவு இலாப நட்டக் கணக்கைத் தொடவே இல்லை. வைப்பாளர்கள் பணத்தை எடுக்கத் தொடங்கியதும், வங்கி ஏறத்தாழ 2,100 கோடி டாலர் மதிப்புள்ள வேறு பத்திரங்களை விற்று, 180 கோடி டாலர் நட்டத்தை 2023 மார்ச் 8 அன்று அறிவித்தது. பீதி பரவியது, மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது.

இரு நிறுவனங்களையும் வேறுபடுத்துவது காலம். காப்பீட்டுக் கடப்பாடுகள் பல்லாண்டுகளில் பரவிக் கிடப்பவை. வைப்பாளரின் கோரிக்கை ஒரே நாளில் வரக்கூடியது. விற்றே தீரவேண்டிய கட்டாயம் வரும் நாளில்தான் ஏட்டு நட்டம் முழு நட்டமாகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இலாபத்துக்குப் பொருந்தும். நட்டத்துக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது.

எனவே செய்தியாளர் 'மதிப்புக் குறைந்தது' என்று எழுதி, வாங்கிய விலையையும் உடன் தரவேண்டும். நிறுவனமோ தன்னால் எவ்வளவு காலம் விற்காமல் தாங்க இயலும் என்பதைச் சொல்லவேண்டும். இவ்விரண்டும் இல்லாத எண், எவ்வளவு பெரிதாயினும், சேமித்தவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.