வெள்ளத்துக்கு முன்னே ஒரு வழி

2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டாவளை மக்கள் எளிதில் மறவார். பெருவீதி நீரில் அமிழ்ந்தால், வெளியேறும் மாற்றுவழியை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கணினிக்கும் இந்நீதி பொருந்தும்.

அண்மையில் மாணாக்கன் ஒருவன் முகம் வாடி வந்தான். "ஐயா, மெய்ந்நிகர் இயந்திரம் ஓடுகின்றது, ஆனால் உட்புக இயலவில்லை. ஆண்டிறுதி வேலை முழுதும் அதனுள்ளேயே இருக்கின்றது" என்றான். வலையமைப்பைத் திருத்துகையில் எண்ணொன்றைப் பிழையாக எழுதிவிட்டான். வந்த வழி அடைபட்டது.

மெய்ந்நிகர் இயந்திரமாவது, ஒரு கணினிக்குள் மென்பொருளாற் படைக்கப்பட்ட மற்றொரு கணினி. அதற்குத் தொடர்நிலை வாயிலும் உண்டு. எழுத்துகளை ஒவ்வொரு துகளாக வரிசையில் அனுப்பும் பழைய வாயில் அது. கம்பியோ துளையோ இல்லை. 'கியூஎமு' என்னும் மென்பொருள் 16550 என்ற பழஞ் சில்லைப் போல நடிக்கின்றது. உள்ளிருக்கும் லினக்ஸ் அதை மெய்யென நம்பி, 'ரி.ரி.வை.எஸ்.0' எனப் பெயரிடுகின்றது. 'ரி.ரி.வை' என்பது தொலைதட்டச்சுப் பொறியின் பெயர்ச் சுருக்கமே. மெய்ந்நிகர் இயந்திரங்களுக்கென்றே அமைந்த 'வேர்ட்டியோ' வாயிலாயின், 'எச்.வி.சி.0' எனத் தோன்றும்.

இவ்வாயில் வலையமைப்பைச் சாராதது. வெளிக் கணினியில் 'வேர்ஷ் கொன்சோல்' என்னுங் கட்டளையிட்டால் நேரே உட்புகலாம். அவ்வாறு செய்தோம், வெறுந்திரையே எஞ்சியது!

காரணம் யாது? வாயில் இருந்தது, அங்கே பேசும்படி லினக்ஸுக்கு எவரும் சொல்லவில்லை. தொடக்கக் கட்டளை வரியில் 'கொன்சோல்=ரி.ரி.வை.எஸ்.0' என எழுதியிருத்தல் வேண்டும். திரை, தொடர்வாயில் இரண்டையும் குறித்தால் கருவின் செய்திகள் இரண்டிலும் வரும். இறுதியிற் குறித்ததே தலைமை பெறும். அவ்வரியைக் கண்ட 'சிஸ்ரம்டி', புகுபதிகை கேட்கும் காவலனையும் அங்கே தானே நிறுத்தும்.

தமிழர்க்கு மற்றுமொரு நன்மை உண்டு. லினக்ஸின் எழுத்துத் திரை 512 வடிவங்களுக்கு மேற் கொள்ளாது. தமிழைச் செவ்வனே காட்டாது. தொடர்வாயிலோ எழுத்தின் குறியெண்களை மட்டுமே கடத்தும். மறுமுனையிலுள்ள மென்பொருள் தமிழறிந்ததாயின், தமிழ் தமிழாகவே தோன்றும்.

மாணாக்கனின் வட்டை வேறோர் இயந்திரத்தில் இணைத்துப் பிழை திருத்த ஓர் இரவு கழிந்தது. வேலை பிழைத்தது. மறுநாட் காலை அவன் முதலில் எழுதியது அந்த ஒரு வரியையே.

மாணவச் செல்வர்களே, நீங்கள் வெள்ளம் வருமுன்னரே எழுதிவிடுங்கள்.