ஐவரியா, கிரீமா? சுவரின் நிறமும் பெயிண்டரின் கூலியும்



ரமலான் நெருங்கினால் திருப்பூரில் நம் வீடுகள் பலவற்றில் சுவர்கள் புது நிறம் பெறுகின்றன. கூடத்துக்கு ஐவரியா, கிரீமா என்று குடும்பமே கூடி மஷ்வரா செய்கிறது. ஐவரி என முடிவாகி, கடையில் கலந்து வாங்கி, ஒரு சுவர் பூசியும் ஆகிறது. இரவில் விளக்கைப் போட்டதும், "நாம் பார்த்த நிறம் இதுவல்லவே" என்ற குரல் எழுகிறது. வேலை நிற்கிறது. கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்பப் பெறுவதில்லை. பெயிண்டர் மறுநாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த நாளுக்குக் கூலி தர நமக்கு மனம் வருவதில்லை.

இந்த வலியை அறியாதவர்களா நாம்? ஷேடு சற்று மாறியதென்று பையர் ஒரு லாட்டையே தள்ளும்போது எப்படிக் கொதிக்கிறோம்! வீட்டிலோ நாமே அந்தப் பையராகிவிடுகிறோம். பகலில் ஒன்றாகத் தெரியும் இரு சாயங்கள் விளக்கொளியில் வேறாகத் தெரியலாம். அதனால்தான் முதலில் லேப் டிப் எடுத்து, விளக்குப் பெட்டியில் ஒப்பிட்டு, ஒப்புதல் பெற்ற பின்னரே துணிக்குச் சாயமேற்றுகிறோம். தொழிலில் காட்டும் அந்த நிதானம் வீட்டில் எங்கே போயிற்று?

"அல்லாஹ் அழகை விரும்புகிறான் அல்லவா?" என்பர் சிலர். உண்மைதான், அழகைத் தேடுவது குற்றமாகாது. ஆனால் ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் தொங்கவிட்ட அழகிய திரையை நபி (ஸல்) அவர்கள் இழுத்துக் கிழித்ததையும், கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்க நாம் ஏவப்படவில்லை என்று உணர்த்தியதையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். கிழிந்த அத்துணியும் வீணாகவில்லை, இரு தலையணைகளாயிற்று.

நாமோ மீந்த பெயிண்டைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். நிறம் போய்ச் சேரும் இடத்தை நொய்யல் நமக்குக் காட்டவில்லையா? சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையையே பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, எத்தனை தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர்! ஒரு டப்பாவால் ஆறு கெடாது எனலாம். "என் கழிவு சிறிதுதானே" என்ற எண்ணம்தான் பெருகி ஆற்றைக் கெடுக்கிறது.

எனவே இரு நிறங்களையும் சுவரில் ஒரு முழ அளவு பூசி, பகலிலும் இரவிலும் பாருங்கள். முடிவெடுத்த பின் அதில் நிறைவு கொள்ளுங்கள். மாற்றியே தீர வேண்டுமெனில், வீணான நாளுக்கும் முழுக் கூலி கொடுங்கள். மீந்ததைத் தேவையுள்ள ஒரு வீட்டுக்கு அளியுங்கள். ஐவரிக்கும் கிரீமுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மாதத்தில் நம் கண்ணுக்கே மறந்துபோகும். கொடுக்காத கூலி மறுமையிலும் நம்மைத் தொடரும்.