முதல் நாள் மியூசியம் வேணாம் சாமி!

வெளிநாடு போறவங்களுக்கு என் ஒரே அட்வைஸ் இதுதான். போய் இறங்குற முதல் நாள்ல டிக்கெட் வாங்கி உள்ளே போற எந்த இடத்துக்கும் போகாதீங்க. "இருக்கிறதே நாலு நாள் லீவு, அதுல ஒரு நாளை வீணாக்கச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படிக் கேட்ட ஆளுதான். போன வருஷம் இஸ்தான்புல் போனப்போ பட்டுத் தெரிஞ்சுகிட்டேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நானும் தங்கமணியும் மட்டும் தனியாப் போன முதல் பயணம். விடுவேனா? எக்ஸெல்லில் மணிவாரியா அட்டவணை. 10 மணி தோப்காப்பி அரண்மனை, 12 மணி ஹாகியா சோபியா, 2 மணி பசிலிகா நீர்த்தொட்டி, 3:30க்கு நீல மசூதி. ரெண்டு விமானம் மாறி, ராத்திரி பூரா தூங்காம இறங்கி, ஓட்டலில் பெட்டியைப் போட்டுட்டு அப்படியே கிளம்பியாச்சு.

அரண்மனை வாசல்ல பூட்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறையாம். எல்லாத்தையும் அட்டவணை போட்டவன் கிழமையைப் பார்க்கலை. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அதுதான் பயமே.

அடுத்து ஹாகியா சோபியா. ஜஸ்டினியன் 532ல ஆரம்பிச்சு 537ல முடிச்ச கோவில். 1453ல மசூதி ஆச்சு, அப்புறம் மியூசியம், 2020லிருந்து திரும்ப மசூதி. தொழுகிறவங்களுக்குக் கீழ்த்தளம். நம்மை மாதிரி ஊர் சுத்த வந்தவங்களுக்கு 2024லிருந்து மேல்மாடம் மட்டும்தான், தலைக்கு 25 யூரோ. வரிசையில நின்னு, சரிவுப் பாதையில ஏறி, உலகமே கொண்டாடுற அந்த ஏசு மொசைக் முன்னாடி போய் நின்னோம். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள தங்கமணி கேட்ட கேள்வி: "ஏங்க, எங்கயாவது உக்கார இடம் இருக்கா?"

அவங்களைக் குறை சொல்ல முடியாது. நானே மேலே அண்ணாந்து பார்த்துகிட்டு கொட்டாவிதான் விட்டேன். கண்ணு திறந்திருந்தா மட்டும் பார்த்ததா அர்த்தமா? 50 யூரோவுக்குக் கொட்டாவி!

வெளியே வந்ததும் நீர்த்தொட்டிக்கு அடுத்த வரிசை. தங்கமணி பார்க் பெஞ்சுல உக்காந்துட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்"னாங்க. கோபமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லை. சாதாரணமாச் சொன்னாங்க. ஊர்லயும் இருபது வருஷமா இதே வசனம்தான். நான் போய்ட்டு வருவேன், அவங்க இருப்பாங்க. அதை மாத்தத்தானே இத்தனை தூரம் வந்தோம்? வரிசையில அஞ்சு நிமிஷம் நின்னேன். முடியலை. திரும்பி வந்துட்டேன். "சரி, உனக்கு எங்கே போகணும்?"னேன். கைகாட்டினது கடலை.

டிராம் ஏறி எமினோனு. அங்கிருந்து கடிக்கோய் போற படகு. சுற்றுலாப் படகு இல்லீங்க, ஆபீஸ் போறவங்க வர்றவங்க ஏறுற சாதாரணப் படகு. பயண அட்டையைத் தட்டினா உள்ளே விட்டுடுவாங்க. இருபது நிமிஷத்துல ஐரோப்பாவுல ஏறி ஆசியாவுல இறங்கலாம். சின்னக் கண்ணாடி கிளாஸ்ல பால் இல்லாத டீ, கூட ரெண்டு சர்க்கரைக் கட்டி. எள்ளு ஒட்டின சிமிட் ரொட்டியைப் பிச்சுப் போட்டா கடல்காக்கா பறந்தபடியே கவ்வுது. தங்கமணி பாதி ரொட்டியை அதுங்களுக்கே போட்டாங்க.

படகு கொஞ்சம் தள்ளிப் போனதும் திரும்பிப் பார்த்தேன். மேட்டுல மரங்களுக்கு நடுவே அரண்மனை, பக்கத்துல ஹாகியா சோபியா கும்மட்டம், அந்தப் பக்கம் நீல மசூதியோட ஆறு தூபிகள், எல்லாம் ஒரே வரிசையில. ஒரு பக்கம் பொற்கொம்பு, ஒரு பக்கம் பாஸ்பரஸ், எதிரே மர்மரா கடல். மூணு பக்கமும் தண்ணி. இந்த மூக்குல ஏன் ராஜாக்கள் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து உக்காந்தாங்கன்னு புத்தகத்துல படிச்சப்பப் புரியாதது அங்கே புரிஞ்சுது. இதைப் பார்த்துட்டு உள்ளே போயிருக்கணும். நான் தலைகீழாப் பண்ணிட்டேன்.

கடிக்கோய் சந்தையில மீன், ஆலிவ், ஊறுகாய்ன்னு குவிச்சு வச்சிருக்கான். ஊறுகாய்த் தண்ணியைக் கிளாஸ்ல ஊத்தி ஜூஸ் மாதிரி விக்கிறான் மக்களே! ஒரு வாய் குடிச்சுட்டு நான் முழிச்ச முழியைப் பார்த்து தங்கமணி சிரிச்ச சிரிப்புல கடைக்காரரும் சேர்ந்துகிட்டார். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது. மீதியை அவங்களே குடிச்சாங்க, அதுவும் ரசிச்சு.

முதல் நாள் உடம்பு இன்னும் ஊர் நேரத்துலதான் இருக்கு. அதுக்குத் தேவை காத்து, டீ, உக்கார ஒரு இடம். படகுல இது மூணும் கிடைக்குது, செலவும் கம்மி. மியூசியம் எங்கேயும் ஓடிப் போகாது, செவ்வாய்க்கிழமை பூட்டினா புதன்கிழமை திறக்கும் :-)

இருட்டினப்புறம் அதே படகுல திரும்பினோம். கும்மட்டத்துல விளக்கு போட்டிருந்தாங்க. தங்கமணி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "காலைல நாம அதுக்குள்ளயா இருந்தோம்?"னாங்க. ஆமான்னேன். "நாளைக்கு அந்தத் தொட்டிக்குப் போலாங்க. எத்தனை தூண்ன்னு சொன்னீங்க?"

336.