படம் பிரமாதம், சத்தம்?

வீடியோ எடுக்கும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் லட்சக்கணக்கில் செலவிடத் தயங்காதவர்கள், ஒலி என்று வந்ததும் திடீரென்று சிக்கனக்காரர்களாகி விடுகிறார்கள். பார்வையாளரின் குணமோ இதற்கு நேர்மாறு. படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

சினிமாக்காரர்களுக்குப் பிரச்சினை குறைவு. ஷூட்டிங்கில் பதிவானது உருப்படாவிட்டால் டப்பிங் தியேட்டர் இருக்கிறது. இந்திய சினிமா பல பத்தாண்டுகள் இதை நம்பியே ஓடியது. 2001-இல் வெளிவந்த லகான், வசனங்களைப் படப்பிடிப்புத் தலத்திலேயே பதிவு செய்தது ஒரு செய்தியாகப் பேசப்பட்டதற்குக் காரணமும் அதுதான். கல்யாண வீடியோக்காரருக்கும் டாக்குமெண்டரி எடுப்பவருக்கும் டப்பிங் கிடையாது. தாலி கட்டுவதை மறுபடி நடத்த முடியாது. தொண்ணூறு வயதில் ஒப்பாரி பாடிக் காட்டும் பாட்டி, அடுத்த முறை போகும்போது இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேமராவில்தான் மைக் இருக்கிறதே, தனி ரெகார்டர் எதற்கு? இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது 2008-இல், கேனன் 5டி மார்க் 2 வந்தபோது. படத்தில் அது அசத்தியது. ஒலியிலோ, சத்தத்தின் அளவைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடு மட்டுமே இருந்தது. பேச்சு நின்றால் கேமரா ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். மின்விசிறியின் இரைச்சல் எழுந்து வரும். 2010-இல் வந்த மென்பொருள் திருத்தம் இதைச் சரிசெய்தது. அதற்குள் ஜூம் எச்4என் போன்ற கையடக்க ரெகார்டர்கள் பலருடைய பைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

அடிப்படைக் காரணம் இன்றும் மாறவில்லை. அது தூரம். திறந்தவெளியில் மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம் இரு மடங்கானால் பேச்சு 6 டெசிபல் குறைகிறது. பத்தடி தள்ளி நிற்கும் கேமராவையும், வாய்க்கு ஒரு சாண் கீழே சட்டையில் குத்திய மைக்கையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 20 டெசிபலுக்கும் மேல். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாலும் இதை ஈடுகட்ட முடியாது. ரெகார்டரின் முதல் பயனே, கேமரா எங்கே நின்றாலும் மைக் பேசுபவரின் அருகில் இருக்கலாம் என்பதுதான்.

எதை வாங்குவது? தனியாகப் பேட்டி எடுப்பவருக்கு, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய ரெகார்டரும் ஒரு கிளிப் மைக்கும் போதும். ரெகார்டரிலேயே பொருத்தப்பட்ட மைக்கை மட்டும் நம்பினால், அதையும் பேசுபவருக்கு அருகில் வைத்தாக வேண்டும். நீண்ட ஷாட்கன் மைக் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய மூன்று முனை எக்ஸ்எல்ஆர் சாக்கெட் தேவை. அத்தகைய மைக்குகளில் பலவற்றுக்கு ரெகார்டரே 48 வோல்ட் மின்சாரம் தர வேண்டியிருக்கும். இந்த இரண்டும் உண்டா என்று முதலில் பார்ப்பது நல்லது. 48 வோல்ட் தரும்போது பேட்டரி வேகமாகக் காலியாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கல்யாண மண்டபம் வேறு உலகம். மந்திரம் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும், திடீரென்று கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் ஒரே கணத்தில் எழும்பும்போது, மந்திரத்துக்காக வைத்த அளவில் ஒலி உடைந்து கரகரக்கும். அப்படி உடைந்த ஒலியை முழுதாக மீட்க வழியில்லை. 24 பிட் ரெகார்டர் வைத்திருப்பவர்கள் அளவைத் தாராளமாகக் குறைத்து வைப்பதே பாதுகாப்பு. பல மாடல்களில், குறைந்த அளவில் இன்னொரு பிரதியையும் கூடவே பதியும் வசதி உண்டு. அதை இயக்கிவைக்க மறக்கக்கூடாது.

இப்போது விளம்பரங்களில் அடிபடும் '32 பிட் ஃப்ளோட்' இந்தக் கவலையைப் பெரும்பாலும் தீர்க்கிறது. 2019-இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற தொழில்முறைக் கருவிகளில் இருந்த இந்த வசதி, இன்று கையடக்க ரெகார்டர்களுக்கும் சில வயர்லெஸ் மைக்குகளுக்கும் இறங்கி வந்துவிட்டது. இத்தகைய கருவிகள் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் தனித்தனி அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளைப் பயன்படுத்திப் பதிகின்றன. அளவை எடிட்டிங்கில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இது சர்வரோகநிவாரணி அல்ல. மைக்கே தாங்காத சத்தம் என்றால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை. மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து வரும் வலுவான சிக்னலை மைக்குக்கான சாக்கெட்டில் செருகினாலும் இதே கதிதான். அதற்கு 'லைன்' அளவை ஏற்கும் வழி ரெகார்டரில் இருக்க வேண்டும். தவிர, மைக்கை எங்கே வைப்பது என்பதை எந்தக் கருவியும் முடிவு செய்யாது.

தனியாகப் பதிந்த ஒலியைப் படத்துடன் சேர்ப்பது அடுத்த வேலை. கேமரா முன் ஒருமுறை கை தட்டினால் போதும். தட்டும் சத்தமும் கைகள் சேரும் ஃப்ரேமும் பொருந்திவிடும். பிரச்சினை நீண்ட பதிவுகளில் வருகிறது. கேமராவின் கடிகாரமும் ரெகார்டரின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபட்டால்கூட, ஒரு மணி நேரத்தில் 0.11 விநாடி விலகிவிடும். விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது ஏறக்குறைய மூன்று ஃப்ரேம். உதடு ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று சொல்லும். மூன்று மணி நேரக் கச்சேரி எடுப்பவர்கள் ஒவ்வொரு இடைவெளியிலும் மறுபடி கை தட்டுவது புத்திசாலித்தனம்.

பதிவு முறையில் குழப்பத்துக்கு இடமில்லை. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. 44.1 என்பது ஆடியோ சிடியின் கணக்கு. எம்பி3-இல் பதிந்து இடத்தை மிச்சப்படுத்துவதில் அர்த்தமில்லை. இரண்டு சேனலில் ஒரு மணி நேரம் பதிந்தாலும் சுமார் 1 ஜிபிதான் ஆகிறது.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அமைதியான மூலையில், மெல்லிய குரலில் பேசிப் பதிந்து, பிறகு ஒலியை ஏற்றிக் கேட்க வேண்டும். பேச்சுக்குப் பின்னால் 'உஸ்' என்ற இரைச்சல் துருத்திக்கொண்டு தெரிந்தால் அந்த ரெகார்டர் பேட்டிக்கு லாயக்கில்லை. விளம்பரத்தில் எண்ணற்ற பட்டன்களும் எஃபெக்ட்களும் இருக்கலாம். இந்த இரைச்சலைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சு இருக்காது.

பட்ஜெட் குறைவு என்றால் முதல் செலவு மைக்குக்கு, இரண்டாவது ஹெட்ஃபோனுக்கு, மூன்றாவதுதான் ரெகார்டருக்கு. பழைய செல்போனில் ஒரு கிளிப் மைக்கைச் செருகிப் பதிந்தாலும், பத்தடி தள்ளி நிற்கும் கேமராவைவிடப் பேச்சு தெளிவாகக் கேட்கும். மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும், வெளிப்புறத்துக்கு ரோம உறையும் அவசியம். காற்று புகுந்த பேட்டியைச் சுத்தம் செய்வதைவிட, பாட்டியைத் திண்ணையிலிருந்து உள்ளே வந்து உட்காரச் சொல்வது சுலபம்.