கிளட்ச் தாமதம்: குற்றம் காலிலா, துளையிலா?

கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு உராய்வைப் பற்றித் தனியே பாடம் நடத்த வேண்டியதில்லை. தீப்பெட்டித் தொழில் அதைக் கற்றுத் தந்துவிடுகிறது. குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் சரக்கென்று உரசினால் பற்றிக்கொள்ளும். அதே அழுத்தத்தில், அதே நீளத்துக்கு, எறும்பு ஊர்வதுபோல் உரசினால் பற்றாது. இருமுறையும் உராய்வை எதிர்த்துச் செய்த வேலை ஏறத்தாழ ஒன்றே. பிறந்த வெப்பமும் ஒன்றே. மெதுவாக உரசும்போது அவ்வெப்பம் திரள்வதற்குள் கசிந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மோட்டார் காரின் கிளட்சுக்கு வருவோம்.

புதிய கார் வாங்கியவர்கள் சிலர் ஒரு குறை சொல்லக் கேட்கிறோம். கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாலும் வண்டி உடனே 'பிடிப்பதில்லை'. ஒரு கணம் கழித்தே பிடிக்கிறதாம். பட்டறையில் கேட்டால், "உங்களுக்குக் கால் பழகவில்லை" என்று பதில் வருகிறது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவராக இருந்தால், கிளட்ச் தட்டு தேய்ந்த பழியும் அவர் தலையில் விழுகிறது. இது நியாயந்தானா?

1983-இல் வெளிவந்த மாருதி 800 காரில் பெடலையும் கிளட்சையும் இணைத்தது ஓர் இரும்புக் கம்பி வடம். கால் எவ்வளவு நகர்ந்ததோ அதற்கேற்பக் கிளட்சும் அப்போதே நகர்ந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் கம்பிக்குப் பதில் திரவம் வேலை செய்கிறது. நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான்! பெடலை மிதித்தால் திரவம் குழாய் வழியே சென்று கிளட்சை விடுவிக்கிறது. காலை எடுத்தால், கிளட்சின் வில் அத்திரவத்தைத் திருப்பித் தள்ளுகிறது. சில கார்களில் இந்தத் திரும்பும் வழியில் ஒரு சிறிய தடுப்பிதழை வைத்திருக்கிறார்கள். மிதிக்கும்போது திரவம் தாராளமாகச் செல்லும். திரும்பும்போது மட்டும் ஒரு நுண்ணிய துளை வழியே நெருக்கிக்கொண்டு வர வேண்டும். கால் பெடலை விட்டு வந்துவிடும். திரவம் வந்து சேர்ந்திராது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கார்களில் இருந்த இந்த இதழைக் கழற்றி எறிந்த உரிமையாளர்கள் பலர் உண்டு.

அவர்கள் கோபம் புரிகிறது. ஆயினும் துளை வைத்தவர் மூடரல்லர். என்ஜினின் சுழலும் பாகங்களின் நிலைமத் திருப்புத்திறன் 0.15 கிலோகிராம் மீட்டர்² என்றும், கிளட்ச் பிடிக்கும்போது அதன் வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்றிலிருந்து 1000 ஆகக் குறைகிறது என்றும் கொள்வோம். இழந்த கோண உந்தம் சுமார் 16 அலகு. அது 0.05 விநாடியில் நிகழ்ந்தால் சராசரித் திருப்பு விசை 300 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சிறிய பெட்ரோல் கார் என்ஜின் தரக்கூடிய உச்சம் 100-ஐ ஒட்டியதே. அரை விநாடி எடுத்துக்கொண்டால் அதுவே சுமார் 30 ஆகிவிடும். பல்சக்கரங்களின் ஆயுள் இந்த அரை விநாடியில் இருக்கிறது.

"அப்படியானால் அந்த அரை விநாடியும் தட்டு உரசித் தேயுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சமதரையில், என்ஜின் வேகத்தை மாற்றாமல் வண்டியைக் கிளப்பினால், என்ஜின் தரும் ஆற்றலில் ஒரு பாதி வண்டியின் இயக்க ஆற்றலாகிறது; மறு பாதி கிளட்சில் வெப்பமாகிறது. 1000 கிலோகிராம் கார் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் பெற்றால் இரண்டும் தலா 3900 ஜூல் அளவே. இதில் வியப்பு என்னவெனில், அதற்கு எத்தனை விநாடி ஆயிற்று என்பது கணக்கிலேயே வருவதில்லை! மின்தேக்கியை மின்கலத்தால் மின்னேற்றும்போது, மின்தடை எதுவாயினும் பாதி ஆற்றல் இழப்பாவதை மேல்வகுப்பு மாணவர்கள் நினைவுகூரலாம். தாமதித்தால் அதே வெப்பம் நிதானமாகப் பரவுகிறது. மெல்ல உரசிய தீக்குச்சிபோல.

எனவே துளையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. 'கிளட்ச் பிடித்துவிட்டது' என்று கால் நம்புகிறது. மற்றக் கால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது. ஆனால் தட்டு இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கிறது. என்ஜின் மட்டும் வேகமெடுக்க, மேலே போட்ட கணக்கு உடைந்துபோகிறது, வெப்பம் பெருகுகிறது. கொடைக்கானல் ஏற்றத்தில் நெரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அதே காரை அரைக் கிளட்சிலேயே நிறுத்திப் பிடித்தால், விநாடிக்கு 2700 ஜூலுக்குக் குறையாமல் தட்டில் இறங்கும். பத்து விநாடியில், ஏழு முறை வண்டியைக் கிளப்பிய சூடு!

நம் கரிசல் மண் இன்னொரு சோதனை வைக்கிறது. ஐப்பசி மழையில் ஊறிய கரிசல், சக்கரத்தைக் கவ்விக்கொண்டால் விடாது. அனுபவமுள்ள டிரைவர் முதல் கியரையும் பின் கியரையும் மாற்றி மாற்றிப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை ஊஞ்சலாட்டி வெளியேற்றுவார். துளையுள்ள வண்டியில் அந்தச் 'சட்டென்று' கிடைப்பதில்லை. வண்டி நகராதவரை பாதிக் கணக்கும் இல்லை. கிளட்சுக்கு வரும் ஆற்றல் முழுவதும் தட்டுக்கே வெப்பமாகிறது. நெடி மூக்கைத் துளைக்கும்.

2014-இல் மாருதி செலேரியோவில் கிளட்ச் பெடலையே நீக்கி, அந்த வேலையை மின்னணுக் கருவியிடம் ஒப்படைத்தார்கள். அதிலும் கியர் மாறும்போது ஒரு தயக்கம் உண்டு. எனினும் கிளட்சையும் என்ஜினையும் ஒரே கருவி ஆள்வதால், ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியும். பெடல் உள்ள வண்டியிலோ துளை இருப்பது மனிதனுக்கு மட்டும் தெரியாது. இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். டயரில் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்று அச்சிட்டுத் தருகிற உற்பத்தியாளர், 'இவ்வண்டியில் கிளட்ச் இவ்வளவு தாமதித்துப் பிடிக்கும்' என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் என்ன? அவ்வரி இல்லாதபோது தேய்ந்த தட்டுக்கு டிரைவரின் காலை மட்டும் குற்றவாளியாக்குவது முறையன்று.

டிரைவிங் ஸ்கூல்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாளில், வெறும் மைதானத்தில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடச் சொல்லுங்கள். கால் நகர்வதற்கும் வண்டி அசைவதற்கும் உள்ள இடைவெளியை மாணவர் மனத்துக்குள் எண்ணட்டும். வண்டி மாறினால் மறுபடியும் எண்ணட்டும்.