இடுமருந்தும் வயிற்றுப் புண்ணும்

வயிற்றுவலி வந்தால் “எவரோ மருந்து வைத்துவிட்டார்கள்” என்று சொல்லி, குழல் வைத்து உறிஞ்சி மயிர் உருண்டை காட்டுகின்றவனிடம் நம் மக்கள் பணத்தைக் கொட்டுகின்றார்கள். பழியோ வீட்டு மருமகள் தலையில்! வாய்வழி போனது தோல்வழி எப்படி வெளியே வந்தது என்று கேட்பாரில்லை.

வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்றார் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல். பெரிய டாக்டர்களே நம்பவில்லை. 1984-ல் அக்கிருமியைத் தாமே குடித்தார். வாந்தி கண்டது; இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கில் கிருமி அகப்பட்டது. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று மூச்சையோ மலத்தையோ சோதனைச் சாலையில் பார்த்தாலே அக்கிருமி தெரிந்துவிடும்; சுமார் இரண்டு வார மருந்தில் பெரும்பாலோர்க்கு ஒழியும். மலத்தைச் சோதனைக்குக் கொடுக்க வெட்கப்படுகின்றவர்கள், கண்டவன் எச்சில் குழலை வயிற்றில் வைக்க வெட்கப்படாதது என்ன மானம் என்று கேட்கின்றோம். அந்த மருந்தெடுப்பவன் தனக்கு வயிற்றுவலி வந்தால் எங்கே போகின்றான்?