அம்பாள் பார்த்துக்குவான்னு சொல்லி பிரேக்கரை எடுக்காதீங்க

கொஞ்சம் காரமாத்தான் எழுதுறேன், மன்னிக்கணும்.

போன ஞாயிறு திருப்பணிக் கூட்டத்தில், புதுக் கொடிமரத்துக்கு அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னால தரையை ராடார் வச்சு ஸ்கேன் பண்ணணும்னு கேட்டேன். மூணு பதில் வந்துச்சு: "முப்பது வருஷமா இருக்கோம், எங்களுக்குத் தெரியாதா?" "பிளான் இருக்கு." "அம்பாள் பார்த்துக்குவா."

முப்பது வருஷமா நாம பார்த்தது தரைக்கு மேல. கீழே? மண்டபம் கட்டினப்போ ஒரு லைன், மடப்பள்ளியை மாத்தினப்போ ஒரு லைன், திருவிழா விளக்குக்கு அவசரமா புதைச்சது இன்னொண்ணு. புதைச்சவங்க பாதிப் பேர் இன்னிக்கு இல்ல.

பிளானா? நில அளவைத் துறையான ஜூப்பெம், நிலத்தடி விவரங்களை ஏ முதல் டி வரை நாலு தரமா பிரிக்குது. பழைய பிளானை மட்டும் நம்பினா அது 'டி', கடைசித் தரம். குழி தோண்டி, கண்ணால பார்த்து அளந்தால்தான் 'ஏ'.

ராடார் ரேடியோ அலையை மண்ணுக்குள்ள அனுப்பும். குழாயோ கேபிளோ இருந்தா அலை திரும்பி வந்து, திரையில் கவிழ்த்த வில் மாதிரி தெரியும். இரும்பு தேடும் கருவிக்கு அகப்படாத பிளாஸ்டிக் குழாயும் இதில் தெரிய வாய்ப்பிருக்கு. அதுக்காக இது ஞானக்கண் இல்ல. ஈரக் களிமண்ல அலை ஆழமாப் போகாது. கரண்டு ஓடுதான்னும் சொல்லாது. அதனால கேபிள் தேடும் கருவியும் வேணும், கையால தோண்டுற சோதனைக் குழியும் வேணும்.

மாடி மண்டபத்தில் மணி தொங்கவிடத் துளை போடப்போறீங்களே, அங்கேயும் இதே கதைதான். கான்கிரீட்டுக்குள்ள இழுத்துக் கட்டின கம்பிவடம் இருந்து, அதை அறுத்துட்டா கட்டடத்தோட பலம் குறையும். பக்கத்தில் நிக்கிறவன் உயிருக்கும் ஆபத்து.

கடைசியா, அம்பாள். பிரேக்கரைப் பிடிக்கப்போறது தலைவரும் இல்ல, நானும் இல்ல. பிழைக்க வந்த ஒரு வங்காளதேசத் தம்பி. கேபிள்ல இடிச்சா கருகுறது அவன் கை. அவனும் அம்பாள் பிள்ளைதானே?

பூ அலங்காரச் செலவை யாரும் கேள்வி கேட்கல. ஸ்கேன்னா மட்டும் "வீண் செலவு". பூமி பூஜை போட்டு, பூமாதேவிகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தானே தோண்டுறோம்? அவ வயித்துல என்ன இருக்குன்னு பார்க்க மட்டும் ஏன் கசக்குது?

ஸ்கேன் அறிக்கையை நோட்டீஸ் போர்டுல ஒட்டுற வரைக்கும், கோத்தோங் ரோயோங் பட்டியல்ல என் பெயரைச் சேர்க்காதீங்க. ஒட்டின மறுநாள், மண்வெட்டியோட முதல் ஆளா நான் வந்து நிக்கிறேன்.